மனு கொடுத்த ரசீதை அனுமதி என்று நம்பி ஏமாந்தேன்: புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்போர் கவனத்துக்கு

புதுச்சேரியில் பழைய நகரைச் சுற்றி வரும் புல்வார் சாலைகளின் எல்லைக்குள், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்காகப் பூர்வீக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்கள், ஒழுகலைச் சரிசெய்ய ஓர் ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன்பு இதைத் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள். கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டின் தாழ்வாரத்தையும் திண்ணையையும் மூன்றே நாளில் இழந்தேன். பதினொரு இலட்சம் ரூபாயும் போயிற்று. பணத்தை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவில் போகிறவர்களெல்லாம் மழைக்கு ஒதுங்கி நின்ற அந்தத் தாழ்வாரத்தை என்ன கொடுத்து ஈடுகட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு தாத்தா காலத்து வீடு. கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் முறையில் திண்ணை, நடை, முற்றம் என்று போகும். பெரியப்பா பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தாவாக (படைவீரராக) இருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு புதுப்பித்த மாடியில் வளைவு வைத்த சன்னல்களும் மரச் சட்டக் கதவுகளும் இருக்கும். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, குறுக்குவாட்டில் சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பதித்த தளம் அது. அதில் இரண்டு விட்டங்கள் சுவருக்குள் போகும் இடத்தில் உளுத்து, ஐப்பசி மழைக்குக் கூடத்தில் தண்ணீர் சொட்டியது. உண்மையில் வேண்டியிருந்த வேலை அவ்வளவுதான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த ஒப்பந்தக்காரர் தம்மைப் பாரம்பரியக் கட்டடச் சீரமைப்பு வல்லுநர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். முதலில் அவர் செய்தது என்னைப் பயமுறுத்தியதுதான். "மேரி கட்டடமே ஒரு மழைக்குத் தாங்காமல் விழுந்துவிட்டது, உங்கள் வீடு எம்மாத்திரம் அக்கா?" என்றார். 1871இல் கட்டி முடித்த மேரி, அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்ததையும், அதைப் பழைய தோற்றத்திலேயே உலக வங்கி நிதியுதவியோடு மீண்டும் கட்டி 2021இல் திறந்ததையும் அறியாதவர் ஊரில் யாரும் இல்லை என்பதால், அந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. பல ஆண்டுகள் பழுது பார்க்காமல் விட்ட ஒரு பெரிய பொதுக் கட்டடத்தையும், ஆண்டுதோறும் வெள்ளையடித்து ஓடு மாற்றிக் குடியிருந்த வீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கைப்பேசியில் தம் வேலை என்று சில படங்களைக் காட்டினார். வரிசையாகத் தூண்கள், மஞ்சள் சுவர்கள், ஒரே சீரான தாழ்வாரங்கள். அது வைசியாள் வீதி என்று பின்னர்தான் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ ஆகிய நகரங்களின் கூட்டோடு, பாரம்பரியப் பாதுகாப்புக்காகச் செயல்படும் இன்டாக் அமைப்பு முன்னின்று 2000களின் தொடக்கத்தில் சீரமைத்து, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற தெரு அது. அந்த வேலை நடந்தபோது இந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். படத்தைக் காட்டினால் அந்த வீட்டு எண்ணைக் கேட்டு, நேரில் போய் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை விசாரியுங்கள். பத்து நிமிட நடையில் இருக்கும் தெருவுக்குப் போய்ப் பார்க்காதது நான் செய்த முதல் தவறு.

அனுமதி பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே பதிலை இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களிடமும் அவர் சொல்லியிருக்கிறார். பாரம்பரியச் சட்டம் என்பது தொல்லியல் துறையின் நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான், உங்கள் வீட்டுக்கு அருகில் அப்படி எதுவும் இல்லை, ஆகவே உங்களுக்குத் தடையே கிடையாது என்றார். கேட்பதற்கு உண்மைபோலவே இருந்தது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு 2010இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அரிக்கமேட்டுக்கு அக்கம்பக்கத்தில் இடம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். புல்வாருக்குள் இருக்கும் வீடுகளின் கதை வேறு. இங்கே நகர அமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் கட்டட விதிகளும், பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆலோசனைக் குழுவும் இருக்கின்றன. மனு நகர அமைப்புக் குழுமத்துக்குப் போக வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் குழுவின் கருத்தையும் பெற வேண்டும். ஒரு சட்டம் பொருந்தாது என்று காட்டிவிட்டு, எந்தச் சட்டமும் பொருந்தாது என்று நம்பவைப்பது இந்த ஆட்களின் வழக்கம்.

ஆனாலும் எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், அனுமதிச் செலவு என்று 40,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தாள் இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்க மனுவின் நகல். வலது மேல் மூலையில் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, அதற்குள் தேதி, குறுக்கே ஒரு சுருக்கொப்பம், முத்திரைக்குக் கீழே சிறிய எழுத்தில் "பெறப்பட்டது". அந்த ஒரு சொல்லை நான் படித்தேன், படித்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அடையாளம் அது. அனுமதி என்றால் தனி ஆணை எண், நிபந்தனைகள், ஒப்புதல் முத்திரை இட்ட வரைபடம் எல்லாம் இருக்கும். இன்னொன்றையும் பின்னர்தான் கவனித்தேன். என் பெயரில், என் கையெழுத்தைப் போலவே போட்டுக் கொடுத்திருந்த அந்த மனுவில் கேட்டிருந்தது வெள்ளையடிப்பதற்கும் சில்லறைப் பழுதுபார்ப்புக்கும் மட்டும்தான். இடிப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

வைகாசியில் உள்வேலை தொடங்கியது. ஆவணியில் உறவினர் திருமணத்துக்காகச் சிதம்பரம் போய் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, எங்கள் வீடு இருக்கும் இடத்தில் வெயில் நேராகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரில் நான் ஒரு நாளும் வெயிலைப் பார்த்ததில்லை. தாழ்வாரம் இல்லை, எட்டுத் தேக்குத் தூண்களும் இல்லை, திண்ணை இருந்த இடத்தில் செங்கல் குவியல். தூண்கள் உளுத்துப்போய்விட்டன, விறகுக்குத்தான் ஆகும் என்று ஏற்றி அனுப்பிவிட்டேன் என்றார் ஒப்பந்தக்காரர். பர்மா தேக்குத் தூண் ஒன்று பழைய மரச் சாமான் கடைகளில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தால், அந்த மூன்று நாளுக்காக அவர் ஏன் அவ்வளவு நாள் காத்திருந்தார் என்பது விளங்கும்.

அடுத்த வாரம் வேலையை நிறுத்தும்படி அறிவிப்பு வந்தது. அறிவிப்பில் இருந்தது என் பெயர். ஒப்பந்தக்காரரின் பெயர் எங்கும் இல்லை. இதை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அறிவிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் ஏங்கினேன். விளக்கம் கொடுக்கப் போன இடத்தில்தான் எங்கள் வீடு பட்டியலில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. 1990களில் நகரத்தில் ஏறத்தாழ 1,800 பாரம்பரியக் கட்டடங்களை இன்டாக் கணக்கெடுத்தது. அவற்றில் பல நூறு கட்டடங்கள் அதன்பின் இடிக்கப்பட்டுவிட்டன. இடிந்தவற்றில் பெரும்பகுதி எங்கள் வீட்டைப் போன்ற தமிழர் பகுதி வீடுகள்தான் என்று அங்கே ஒரு பொறியாளர் வருத்தத்தோடு சொன்னார்.

அவரே தரங்களையும் பொறுமையாக விளக்கினார். மத்திய அரசு 2016இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளில் பாரம்பரியக் கட்டடங்கள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தரத்தில் கட்டடத்தின் ஆயுளுக்குத் தவிர்க்க முடியாத வேலையைத் தவிர உள்ளேயோ வெளியேயோ கை வைக்கக் கூடாது. இரண்டாம் தரத்தில் உள்மாற்றமும் புதிய பயன்பாடும் கட்டுப்பாட்டோடு உண்டு. மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம் உண்டு என்றாலும், தெருவின் தோற்றம் கெடாமல் இருக்க வேண்டும். ஆக, பட்டியலில் பெயர் இருந்தால் ஆணிகூட அடிக்க முடியாது என்று சிலர் கிளப்பும் பீதியில் உண்மை இல்லை. உளுத்த விட்டத்தை மாற்றவும், உள்ளே குளியலறை கட்டவும் நான் முறையாகக் கேட்டிருந்தால் வழி இருந்திருக்கும். முகப்பை இடிப்பதற்கு மட்டும்தான் யாரும் அனுமதி தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. ஒப்பந்தத்தில் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்று எழுதி, சிமெண்டுப் பூச்சைப் போல இரண்டரை மடங்கு விலை போட்டிருந்தார். கார்த்திகை பிறப்பதற்குள் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் பஞ்சுபோல ஒட்டியது; பூச்சின் மேல் விரல் கணுவால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஓசை கேட்டது. பெரியப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்த வயதான கொத்தனார் வந்து பார்த்தார். ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் ஒடிக்கப் பார்த்தார்; ஒடியவில்லை. "சிமெண்டும்மா. வெள்ளைப் பொடி கலந்து ஏமாத்தியிருக்கான்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார், முற்றத்தில் சுண்ணாம்புக் குழி எங்கே போட்டார்கள் என்று. அப்படி ஒரு குழியையே நான் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வி எல்லோருக்கும் பயன்படும். சுட்ட சுண்ணாம்பை நீர்த்து, வாரக்கணக்கில் ஊறவைத்து, சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, ஒவ்வொரு பூச்சாக நாள் விட்டுப் பூச வேண்டும். வேலை நடக்கிற வீட்டில் புளித்த வெல்ல வாடை அடிக்கும். மூன்று நாளில் ஒரு கூடம் முழுக்கப் பூசி முடித்தால் அது சுண்ணாம்பு வேலையாக இருக்க வழியில்லை. கடற்கரை ஊரில், ஈரம் தடுக்கும் அடுக்கு இல்லாமல் பழங்காலத்தில் கட்டிய சுவரில், தரையிலிருந்து உப்போடு ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமெண்டு அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பழைய செங்கல்லையே தின்னும். விதிகள் பழைய பொருளையே பயன்படுத்தச் சொல்வது அழகுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்தச் செங்கல் பொடிந்து உள்ளங்கையில் மாவாக நின்றபோதுதான் காரணம் புரிந்தது.

ஒப்பந்தக்காரர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. கையெழுத்து மோசடிக்கும் தூண்களுக்கும் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பூச்சுக்கும் பாழான சுவருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை, 10 இலட்சத்தைத் தாண்டியதால் எனக்கு 400 ரூபாய் ஆனது. வங்கி வழியாகக் கொடுத்த தொகைக்கெல்லாம் சான்று இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 40,000 ரூபாய்க்கு என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே அனுமதி மனுவை நீங்களே நேரில் கொடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆணை கைக்கு வரும்வரை ஒரு செங்கல்லையும் பெயர்க்க விடாதீர்கள், கழற்றும் மரம் ஒவ்வொன்றும் உரிமையாளருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் வீட்டை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் இருந்தது 1971இல் அத்தை திருமணத்தன்று வாசலில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் தெரியும் தூண்களையும் ஓட்டுச் சரிவையும் வைத்துத்தான் ஒரு கட்டட வரைஞர் இப்போது தாழ்வாரத்தை மீண்டும் எழுப்புவதற்கான வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பழைய மரக் கடைகளுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டுத் தூண்கள், உருளை வடிவம், தூணின் உச்சியில் உள்ள போதிகையில் வாழைப்பூ வேலைப்பாடு. அவற்றில் ஒன்றின் அடியில் கரையான் தின்ற இடத்தை மறைத்துப் பெரியப்பா அடித்த பித்தளைத் தகடு ஐந்து ஆணிகளோடு இருக்கும். ஐந்தில் ஓர் ஆணி மட்டும் இரும்பு. எங்காவது கண்ணில் பட்டால், விலை கேட்காமல், கடைக்காரரிடம் எதுவும் சொல்லாமல், எனக்குத் தெரிவியுங்கள்.