ஏற்காட்டு உண்ணிமுள்ளு, சேலத்து போர் தண்ணி, ஒரு கருப்பு கார்

வண்டி கருப்பு கலர் ஹேட்ச்பேக், வாங்கி ஆறேழு வருஷம் ஆச்சுங்க. வீடு சேலம் கோரிமேடு பக்கம், மாமனார் ஊரு ஏற்காட்டுல நாகலூர் தாண்டி, அதனால மாசத்துல ரெண்டு மூணு தடவை மலை ஏறி இறங்குற வண்டி. கோடு, கீறல், உப்புக்கறை, காக்கா எச்சம்னு ஒண்ணு விடாம எல்லாத்தையும் வாங்கிருக்கு. இப்பவும் ஷேடுல நிறுத்துனா பானெட்ல முகம் தெரியும். பெயிண்ட்ல விழற கீறலையும் கறையையும் எடுக்க இத்தனை வருஷத்துல எது வேலை செஞ்சுது, எது காசுக்கு கேடுன்னு எழுதறேன், கருப்பு, நேவி ப்ளூ மாதிரி டார்க் கலர் வச்சிருக்கிறவங்களுக்கு கண்டிப்பா உதவும்.

ஏற்காட்டு மெயின் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுலயும் பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. எஸ்டேட்டுக்குள்ள போற சந்து ரோட்டுலதான் வினையே. ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி வளர்ந்து ரோட்டு மேல சாஞ்சு கிடக்கும், அந்த தண்டு பூரா குட்டி குட்டி வளைஞ்ச முள்ளு. எதிர்ல ஜீப் வந்தா ஒதுங்கித்தான் ஆகணும், ஒதுங்குனா முன் கதவுல ஆரம்பிச்சு டிக்கி வரைக்கும் கிர்ர்ருனு சத்தம், இறங்கி பார்த்தா வெள்ளை வெள்ளையா நீள கோடு. முதல் தடவை பார்க்கிறவங்க பெயிண்ட்டே போச்சுன்னு நினைப்பாங்க. ஆனா அதுல முக்கால்வாசி கோடு மேல இருக்கிற லேக்கரோட நின்னுடும், அதான் கிளியர் கோட்டுன்னு சொல்றாங்களே அது.

கம்பெனி பெயிண்ட் மொத்தமா அடியில இருந்து மேல வரைக்கும் சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான்தான் இருக்கும். நம்ம ஜெராக்ஸ் எடுக்கிற பேப்பர் ஒண்ணோட கனம்னு வச்சுக்கோங்க. அதுல மேல் லேக்கர் மட்டும் 35ல இருந்து 50 மைக்ரான். பாலிஷ் போடறதுன்னா அந்த லேக்கரையே கீறலோட அடிமட்டம் வரைக்கும் தேய்ச்சு இறக்கறதுதான், கீறல் நிரம்பறது இல்ல, சுத்தி இருக்கிறது குறையுது. இது புரிஞ்சிட்டா வருஷத்துக்கு மூணு தடவை கம்பவுண்ட் (லேக்கரை தேய்க்கிற பேஸ்ட்டு) போடணும்னு யாராச்சும் சொன்னா தலையாட்ட மாட்டீங்க. தேய்ச்ச லேக்கர் திரும்ப வராது.

எனக்கு வேலை பார்க்கிற பெயிண்டர் அண்ணன் பட்டறை கொண்டலாம்பட்டி பக்கம். அவர் முதல்ல நகத்தை வச்சு குறுக்கால இழுத்து பார்ப்பாரு. "நகம் மாட்டலைன்னா கம்பவுண்ட்லயே போயிரும் தம்பி, மாட்டுச்சுன்னா டச்சப்தான், அதுக்கு மேல தேய்க்க சொல்லாதீங்க"ம்பாரு. டச்சப்னா கோட்டுல மட்டும் அதே கலர் பெயிண்ட்ட தொட்டு வைக்கிறது. இன்னொரு வழி, கோட்டு மேல தண்ணி தெளிச்சு பாருங்க, ஈரத்துல கோடு மறைஞ்சிட்டா அனேகமா லேக்கர்ல மட்டும்தான் இருக்கு. ஈரத்துலயும் உள்ள வெள்ளையாவோ சாம்பலாவோ தெரிஞ்சா கலருக்கு அடியில இருக்கிற பிரைமர் வரைக்கும் போயிருச்சு. மெட்டல் தெரிஞ்சா தள்ளிப்போடாதீங்க, மழைக்காலத்துல துரு அங்கதான் பிடிக்கும்.

லேக்கர்ல நின்ன கோட்டுக்கு நான் பண்றது இதுதான். காலையில வெயில் ஏறாத நேரம், நிழல்ல வண்டிய நிறுத்தி நல்லா கழுவி, கிளே பார் (களிமண் மாதிரி பிசையற கட்டி) ஓட்டிடுவேன். கழுவுன பெயிண்ட்ட கையால தடவுனா சொரசொரன்னு இருக்கும் பாருங்க, அது பிரேக் தூளும் ரோட்டு அழுக்கும் ஒட்டியிருக்கிறது, அதை எடுக்காம பாலிஷ் போட்டா அதுவே புதுக் கீறல் போடும். அப்புறம் கண்ணாடி ஓரத்து பீடிங் ரப்பர், கருப்பு பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப், ஏன்னா அதுல கம்பவுண்ட் பட்டு காஞ்சா வெள்ளைத்திட்டு சுலபத்துல போகாது. மெஷின் பேட்ல பட்டாணி அளவுக்கு கம்பவுண்ட் நாலு பொட்டு, ரெண்டடிக்கு ரெண்டடி இடமா எடுத்துக்கிட்டு குறுக்கயும் நெடுக்கயும் மெதுவா ஓட்டணும். நான் வச்சிருக்கிறது டூயல் ஆக்ஷன் மெஷின், சுத்திக்கிட்டே ஆடும், ஒரே இடத்துல சூடு ஏத்தாது. நடுநடுவுல புறங்கைய வச்சு சூடு பாருங்க. கதவோட மடிப்பு, பானெட் ஓரம், பாடி லைன் இங்கெல்லாம் லேக்கர் மெல்லிசா இருக்கும், அங்க மெஷின் வேண்டாம், கையாலயே ரெண்டு தேய் தேய்ச்சா போதும். சின்ன கோடுன்னா மொத்தமாவே கையால முடிச்சிடலாம், கைப்பிடிக்கு உள்பக்கம் கிண்ணம் மாதிரி இடத்துல மோதிரம் நகம் பட்டு விழற கோடெல்லாம் நான் கையாலதான் எடுக்கறேன்.

முடிச்சதும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பாதிக்கு பாதி தண்ணி கலந்து துடைச்சு பாருங்க, இது ரொம்ப முக்கியம். நிறைய பாலிஷ்ல எண்ணெயும் ஃபில்லரும் இருக்கு, கீறலை மூடி வச்சு அன்னைக்கு பளபளன்னு காட்டும், நாலு வாஷ்ல கோடு பழைய இடத்துக்கே வந்துரும். ஒரு டீட்டெயிலிங் கடையில ஒரு தடவை விட்டிருந்தேன், ரோட்டரி மெஷின்ல (ஆடாம ஒரே வட்டமா சுத்தறது) கம்பளி பேட் போட்டு அரைமணி நேரத்துல முடிச்சு கொடுத்தாங்க, கடை லைட்டுல அருமையா இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வெயில்ல பார்த்தா பானெட் பூரா வளைவு வளைவா நிழல் மாதிரி ஓடுது, ஹாலோகிராம்னு சொல்றது அதுதான். அதை சரி பண்ண ஃபைன் பாலிஷ் ஃபோம் பேட்ல மறுபடி ஓட்ட வேண்டியதா போச்சு, அதுக்கும் கொஞ்சம் லேக்கர் காலி. அதனால டெலிவரி எடுக்கும்போது வண்டிய வெயிலுக்கு கொண்டு வர சொல்லி பாருங்க, ராத்திரின்னா போன் டார்ச்ச பெயிண்ட் கிட்ட சாய்ச்சு பிடிங்க. டூத் பேஸ்ட்டும் வேண்டாம், அதுல அரைக்கிற தூள் இருக்கறது நிஜம்தான், ஆனா கருப்பு மேல மங்கலா ஒரு திட்டு விழும்.

இப்ப தண்ணிக்கு வருவோம், சேலத்துல பெயிண்ட்டுக்கு பெரிய எதிரி இதுதான். எங்க போர் தண்ணி அவ்வளவு உப்பு, கால்சியமும் மெக்னீசியமும் கலந்து கிடக்கு. வெயில்ல கழுவி அப்படியே காய விட்டீங்கன்னா ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையமா நிக்கும். புதுசுன்னா வெள்ளை வினிகரை சரிக்கு சரி தண்ணி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு எடுத்து நல்லா அலசுனா போயிரும். மாசக்கணக்குல விட்டதுன்னா நடுவுல இருக்கிற வெள்ளை போகும், வளையத்தோட விளிம்பு மட்டும் லேக்கர்ல அரிச்சு நிக்கும், அதுக்கு பாலிஷ்தான். நான் இப்ப மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு பக்கெட் பிடிச்சு வச்சு கடைசி அலசு அதுல அலசிட்டு, கனமான மைக்ரோஃபைபர் துண்ட மேல விரிச்சு ஒத்தி எடுத்துடறேன். இது ஒண்ணை பழக்கமாக்குன பிறகு பாலிஷ் போடற வேலையே பாதி குறைஞ்சு போச்சு.

அடுத்தது காஞ்ச துணி. ஏற்காட்டுல காலையில பனியில வண்டி நனைஞ்சிருக்கும், மேல முந்தினநாள் புழுதி இருக்கும், உடனே பழைய பனியனை எடுத்து பரபரன்னு துடைக்கிறாங்க பாருங்க, எனக்கு வயிறு எரியும். மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் மண்ணு படிஞ்ச வண்டியையும் அப்படித்தான் தட்டி விடறாங்க. வெயில்ல சிலந்தி வலை மாதிரி தெரியற கோடெல்லாம் இப்படி வந்ததுதான். முதல்ல தண்ணி அடிச்சு மண்ணை இறக்குங்க, சோப்புக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட், மேல இருந்து கீழ.

ஆயுத பூஜைக்கு பானெட் மேல சந்தனம் குழைச்சு பட்டை போடறதையும் நான் விட்டுட்டு கண்ணாடியிலயும் நம்பர் பிளேட்லயும் வைக்கறேன். வீட்ல பெரியவங்க பானெட்லதான் வைக்கணும்னா வைக்கட்டும், ஆனா காஞ்சதை சுரண்டாதீங்க, ஈரத்துணிய பத்து நிமிஷம் மேல போட்டு ஊற விட்டு எடுங்க. காக்கா எச்சத்துக்கும் இதே வைத்தியம், ஆனா அதுக்கு அவசரம் ஜாஸ்தி, சித்திரை வெயில்ல ஒரே மதியம் போதும் லேக்கர்ல அச்சு விழறதுக்கு.

செராமிக் கோட்டிங், அதான் லேக்கர் மேல கடையில பூசற கண்ணாடி மாதிரி பூச்சு, அதை பத்தி நிறைய பேர் கேட்கறாங்க. தண்ணி உருண்டு ஓடும், அழுக்கு சுலபமா போகும், அது உண்மை. ஆனா 9எச்னு சொல்றது பென்சிலால கீறி பார்க்கிற டெஸ்ட் கணக்கு, உண்ணிமுள்ளுல கோடே விழாதுன்னு அர்த்தம் இல்ல, உப்புத்தண்ணி கறையும் அது மேல படியும். அந்த காசுல எனக்கு ஒரு மெஷினும் ரெண்டு மூணு பேடும் வந்துருச்சு, மழைக்கு முன்னாடி ஒரு தடவை, தை கடைசியில ஒரு தடவை சீலன்ட் (மெழுகு மாதிரி மேல தேய்க்கிற காப்பு) போட்டுக்கறேன், போதுமா இருக்கு.

பின் கதவுல ஒரு ஆழமான கோடு மட்டும் இன்னும் இருக்கு, எஸ்டேட் கேட்டு கம்பி இழுத்தது. வண்டியோட பெயிண்ட் கலர் நம்பர் பார்த்து அதே ஷேடு டச்சப் வாங்கி, தீக்குச்சி முனையில தொட்டு தொட்டு லேயரா வச்சு காய விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல (ரொம்ப நைஸான உப்புத்தாள்) லேசா சமன் பண்ணிருக்கு. ஆறடி தள்ளி நின்னா தெரியாது, கிட்ட போனா தெரியும். கதவு முழுக்க அடிச்சிடலாமான்னு பெயிண்டர் அண்ணன்கிட்ட கேட்டேன், மெட்டாலிக் கருப்பு பக்கத்து பேனலோட சேரணும்னா பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற குவார்ட்டர் பேனல் வரைக்கும் பெயிண்ட் இழுக்கணும், கம்பெனி பெயிண்ட்ட எதுக்கு அழிக்கறீங்கன்னாரு. இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணா கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் போயிரும், துரு வராம இருக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்னு விட்டாச்சு.