கொலையாளி பெயரைத் தாளத்தில் ஒளித்த இசை: ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’

பிரிட்டனின் ஐ.டி.வி. 1987 முதல் 2000 வரை ஒளிபரப்பிய ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ போலீஸ் தொடரை ஜான் தா நடிப்புக்காகப் பார்த்தவர்கள் உண்டு, ஆக்ஸ்ஃபோர்ட் நகரத்துக்காகப் பார்த்தவர்களும் உண்டு. இங்கே அதன் இசையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். மொத்தம் 33 கதைகள். விளம்பரத்தோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இசை பேரிங்டன் பெலாங். 1954-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தவர். 2019-இல் காலமானார். போலீஸ் தொடருக்கு வந்த இசையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது வேறில்லை என்பது எங்கள் முடிவு. கொடை விழா மேளம் கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமைக் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

டைட்டில் இசையில் ஒரே சுருதியில் விட்டுவிட்டு ஒரு துடிப்பு வரும். அது சும்மா போட்ட தாளமல்ல. கதாநாயகனின் பெயரான மோர்ஸ் (Morse) என்பதையே, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் தந்தி மொழியான மோர்ஸ் குறியில் எழுத்தெழுத்தாக அடிக்கிறது. பெலாங் அத்தோடு நிற்கவில்லை. சில கதைகளின் பின்னணி இசையில் கொலையாளியின் பெயரையே இந்த மொழியில் வைத்தார். சிலவற்றில் ஆளைத் திசைதிருப்ப வேறொருவர் பெயரை வைத்தார். பாளையங்கோட்டைப் பக்கம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனாலும் அந்தக் காது இன்னும் மறந்திருக்காது.

கணக்கு இப்படி. புள்ளி ஒரு மாத்திரை, கோடு மூன்று மாத்திரை. ஒரே எழுத்துக்குள் அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு மாத்திரை மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல் முடிந்தால் ஏழு. ‘எம்’ இரண்டு கோடு, ‘ஓ’ மூன்று கோடு, ‘ஆர்’ புள்ளி-கோடு-புள்ளி, ‘எஸ்’ மூன்று புள்ளி, ‘இ’ ஒரே ஒரு புள்ளி. எழுத்துகளுக்கு 7, 11, 7, 5, 1. நடுவில் நான்கு இடைவெளிக்கு 12. ஆக மொத்தம் 43 மாத்திரை. சொல் இடைவெளி ஏழையும் சேர்த்தால் 50. தந்தி வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் இதே 50 மாத்திரைதான். இந்தப் பெயர் நீண்ட கோடுகளில் தொடங்கிப் படிப்படியாகச் சுருங்கி ஒற்றைப் புள்ளியில் அறுந்து நிற்கிறது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி ஒரு தொங்கல் அதிலேயே அமைந்துவிடுகிறது. வேறு பெயராக இருந்திருந்தால் இது வாய்த்திருக்காது.

இதை மேடையில் வாசித்துப் பார்க்க நினைக்கும் கச்சேரிக் குழுக்களுக்குச் சில விஷயங்கள். ஒரு மாத்திரையைத் தட்டில் கால் பங்காக வைத்தால் 50 மாத்திரை பன்னிரண்டரை தட்டு. எட்டுத் தட்டு ஆதி தாளத்தில் இது உட்காராது; இரண்டாவது சுற்றிலேயே பெயர் அரைத் தட்டு தள்ளித் தொடங்கும், டிரம்ஸ்காரர் குழம்புவார். வழி ஒன்று உண்டு. எழுத்துக்குள் இருக்கும் மௌனத்தில் கை வைக்காதீர்கள், பெயர் முடிந்தபின் வரும் மௌனத்தை மட்டும் ஏழிலிருந்து 21 ஆக நீட்டுங்கள். 43-உம் 21-உம் 64. சரியாக இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று. அந்த 21 மாத்திரைக்குள் கிடாரோ புல்லாங்குழலோ பேசிக்கொள்ளலாம்.

கீபோர்டில் பெரும்பாலும் கெட்டுப்போவது டோன் தேர்வில்தான். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு மாத்திரை சுமார் 0.17 விநாடி. மெதுவாக எழும்பும் ‘பேட்’ டோனை வைத்தால் புள்ளி முழுச் சத்தத்துக்கு வருமுன்பே விரல் எடுபட்டுவிடும். புள்ளி காணாமல் போகும், கோடு மட்டும் கேட்கும். எடுத்தவுடன் ஒலித்து, விட்டவுடன் நிற்கும் ஸ்ட்ரிங்ஸ் அல்லது ஆர்கன் டோன் போடுங்கள். ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவர்பைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு மாத்திரை மௌனத்தை எதிரொலி நிரப்பிவிட்டால் ‘ஓ’வின் மூன்று கோடும் ஒரே இழுப்பாகிவிடும். கல்யாண மண்டபத்தில் கட்டடமே ரிவர்ப் கொடுப்பதால் மிக்ஸரில் ஒரு துளியும் தேவையில்லை.

தோல்கருவியில் இன்னொரு சிக்கல். தவிலில் அடித்த அடி நிற்காது, அதனால் கோடும் புள்ளியும் ஒன்றுபோலவே கேட்கும். கோட்டை அழுத்தி அடித்துப் புள்ளியை மெல்ல அடிப்பது தீர்வாகாது. தந்தி மொழியில் நீளத்துக்குத்தான் அர்த்தம், பலத்துக்கு இல்லை. இதற்கு விடை நம் கணியான் கூத்திலேயே இருக்கிறது. அண்ணாவி பாடும்போது பின்னால் நிற்கும் இரண்டு மகுட மேளங்களில் ஒன்று உச்சம் (உயர்ந்த ஒலி), இன்னொன்று மந்தம் (தாழ்ந்த ஒலி). தொடக்கத்தை உச்சத்தில் தட்டி, முடிவை மந்தத்தில் தட்டினால், இரண்டுக்கும் நடுவே உள்ள நேரமே புள்ளியா கோடா என்று சொல்லிவிடும். பழைய தந்தி ஆபீஸில் இருந்த கருவியும் இப்படித்தான் வேலை செய்தது: இறங்கும்போது ஒரு ‘டக்’, ஏறும்போது வேறொரு ‘டக்’. இரண்டு மகுடக்கார அண்ணாச்சிமார் சேர்ந்தால் பெயரைச் சுத்தமாக அடித்துவிடலாம். ஆனால் ஒருவர் கை கொஞ்சம் பிந்தினாலும் ‘ஆர்’ ‘எஸ்’ ஆகிவிடும்; வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பழகுங்கள்.

தாளக் கணக்கைத் தாண்டி, இந்த இசையின் பெரிய பலம் அது எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. விசாரணைக் காட்சிகளில் பெரும்பாலும் பேச்சுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடுகிறது. நம் குற்றத் தொடர்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு. கதவு திறந்தால் ஓர் இடி, பிணத்தைக் காட்டினால் ஓர் இடி, சந்தேகத்தோடு பார்த்தால் மூன்று முறை அதே இடி. மனிதப் பேச்சின் தெளிவு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் இருக்கிறது; அதே பகுதியில் வயலின் கூட்டத்தை ஏற்றினால் வசனம் அமுங்கும். அமுங்கியதும் வசனத்தின் சத்தத்தைக் கூட்டுவார்கள், பிறகு இசையையும் கூட்டுவார்கள். பார்ப்பவர் காது வலித்து ரிமோட்டைத் தேடுவார்.

வில்லுப்பாட்டில் இந்தத் தவறு நடப்பதில்லை. புலவர் வசனம் சொல்லும்போது குடமும் உடுக்கையும் அடங்கும். பாட்டு எடுத்ததும் எழும். முத்துப்பட்டன் கதையில் யார் சாகப் போகிறார் என்பது கேட்க உட்காரும் எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இசையின் வேலை திடுக்கிட வைப்பதல்ல, சாவை நோக்கிப் போகும் கதையைச் சுமந்துகொண்டு போவது. பெலாங் செய்ததும் அதுதான். கொலைக் கதைக்கு நெஞ்சு படபடப்பைக் கொடுக்காமல் துக்கத்தைக் கொடுத்தார். நாங்கள் இந்த இசையைக் கொண்டாட முதல் காரணம் இதுவே.

கதைக்குள்ளேயே ஒலிக்கும் இசை இன்னொரு அடுக்கு. மோர்ஸ் வாக்னர், மொஸார்ட் பைத்தியம். வீட்டிலும் காரிலும் ஓபரா ஓடிக்கொண்டே இருக்கும். 1990-இல் வந்த ‘மேசானிக் மிஸ்டரீஸ்’ கதையில் மொஸார்ட்டின் ‘மாயக் குழல்’ ஓபரா ஒத்திகையின்போதே கொலை நடக்கிறது. அங்கே இசை வெறும் அலங்காரமாக நிற்கவில்லை, கதையே அதில்தான் நடக்கிறது. கடைசிக் கதையில் மோர்ஸ் சரிந்து விழும் இடத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இரங்கல் இசையிலிருந்து ‘இன் பாரடைசம்’ ஒலிக்கும். அந்த இடத்தில் பெலாங் தன் இசையைப் போட்டிருக்கலாம். போடாமல் ஒதுங்கி நின்றது பெரிய மனசு.

குறையும் உண்டு. பின்னணி இசை பெரும்பாலும் ஒரே சோக நிறத்தில் ஓடுவதால் தொடர்ந்து நான்கைந்து கதை பார்த்தால் காது சலிக்கும்; துரத்தல், வேகம் எதிர்பார்ப்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். தொகுப்பாக வந்த ஆல்பங்களில் பெலாங்கின் இசையோடு ஓபரா, சங்கீதத் துண்டுகளும் கலந்தே இருக்கும். அவருடையது மட்டும் வேண்டும் என்பவர்கள் பாடல் பட்டியலைப் பார்த்து, இசையமைப்பாளர் இடத்தில் அவர் பெயர் உள்ளதை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறை முக்கியம். துடிப்பு மெல்லியது. நம்மூர் வெயிலுக்கு ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் அந்த இரைச்சலே அதை விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்த முடியாது என்றால் ஹெட்போனில் கேளுங்கள். டிவியில் ‘ஆட்டோ வால்யூம்’, ‘நைட் மோட்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை மெல்லியதையும் பலத்ததையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மௌனத்தில் கிடக்கும் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். மாத்திரையை எண்ணிப் பழக டைட்டிலைத் தனி ஆடியோவாகப் போட்டு முக்கால் வேகத்தில் ஓடவிடுங்கள். ஐந்து எழுத்தும் பிடிபட்ட பிறகு கதைகளுக்குப் போகலாம். 1987-இல் வந்த முதல் கதையான ‘தி டெட் ஆஃப் ஜெரிக்கோ’விலிருந்து தொடங்கினால் போதும். செயலியில் டைட்டிலைத் தாண்டச் சொல்லும் பட்டனைத் தொடாதீர்கள். அடுத்த கதை தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் கடைசியில் பெயர்ப் பட்டியலோடு வரும் இசையைப் பாதியில் வெட்டிவிடும்.