வரையாட்டுக்கு எந்தப் பணம் பொருந்தும்? மூன்று அரசு நிதிகள், ஓர் ஒப்பீடு

அரசுக் காடுகளில் அருகிவரும் உயிரினங்களுக்கான பொதுப்பணம் வரும் வாய்க்கால்களில் முக்கியமான மூன்று இவை: புலிகள் பாதுகாப்புத் திட்டம், காம்பா எனப்படும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி, ஒரே உயிரினத்துக்கென மாநில அரசு ஒதுக்கும் தனித் திட்டம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, நீலகிரி வரையாட்டை முன்னிறுத்திக் கேட்டால் வேறுபாடுகள் தெளிவாகப் புலப்படும்.

முதலாவது, மூன்றிலும் மூத்தது. 1973 ஏப்ரல் 1 அன்று 9 காப்பகங்களுடன் தொடங்கிய இத்திட்டம் இன்று 50-க்கும் மேற்பட்ட காப்பகங்களுக்கு விரிந்திருக்கிறது. செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. 2006-இல் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 கணக்கெடுப்பில் சராசரியாக 3,682 என்ற அளவை எட்டியிருப்பதில், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நடந்தே செய்யும் ரோந்துக்கும் அவர்களுக்குக் கூலி தந்த இந்தப் பணத்துக்கும் பங்குண்டு. ஆனைமலைக் காப்பகத்தின் கிராஸ் ஹில்ஸ் புல்வெளியில் வாழும் வரையாடுகளுக்கும் அந்த ரோந்து காவலாகிறது. ஆனால், வரையாடுகளின் முக்கிய வாழிடமான முக்கூர்த்தி தேசியப் பூங்கா புலிகள் காப்பக எல்லைக்குள் இல்லை. புலியின் பெயரால் வரும் பணம் புலியின் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே இதன் குறை.

காம்பா நிதியின் அளவோடு மற்ற இரண்டும் போட்டியிட இயலாது. சுரங்கம், அணை, சாலை போன்றவற்றுக்காக வன நிலத்தைப் பெறுவோர் செலுத்தும் தொகை இது. இதற்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தபின், 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. காட்டை இழந்தால்தான் காட்டுக்குப் பணம் வரும் என்ற முரண் ஒருபுறம் இருக்கட்டும். வரையாட்டைப் பொறுத்தவரை இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. இந்நிதியின் பெயரிலேயே மரம் நடுதல் இருக்கிறது. வரையாடோ புல்வெளி விலங்கு. உதகைப் பகுதியின் மேட்டுநிலங்களில் முன்பு தோல் பதனிடும் தொழிலுக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட சீகை (வாட்டில்) மரங்களே அதன் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியிருக்க, அங்கே தேவைப்படுவது மரங்களை அகற்றும் பணி. நடும் பணி அன்று. எனினும் இந்நிதியைத் திருப்பிவிட முடியாது என்றில்லை. ராஜஸ்தானில் கானமயில் இனப்பெருக்க முயற்சிக்கு இதிலிருந்தே 33.85 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதுவும் புல்வெளிப் பறவைதான் என்பதால், வழி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் திட்ட வரைவுதான் வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுகளுக்கு அறிவித்த நீலகிரி வரையாடு திட்டம். தொகை சிறிது, ஆனால் குறி தப்பாதது. ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு, ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்துதல், பழைய வாழிடங்களில் மீள்குடியேற்றம், புல்வெளி மீட்பு என எல்லாம் ஒரே விலங்கைச் சுற்றியே அமைகின்றன. காப்பகமா, பூங்காவா, காப்புக்காடா என்ற எல்லைக் கேள்வியும் இடையூறாவதில்லை. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும் 2025-இல் 1,303-உம் பதிவாயின. இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் எண்ணப்பட்டதால், இவ்வுயர்வு முழுவதையும் பிறப்புக் கணக்கில் எழுதுவது அவசரமாகிவிடும். ஆனாலும், எண்ணுவதற்கே பணமில்லாத நிலையைவிட இது எவ்வளவோ மேல்.

நுழைவுக் கட்டணத்தைக் காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளும் புலிகள் காப்பக அறக்கட்டளைகளும் உண்டு. சுற்றுலாப் பயணி வராத மலைமுகட்டுக்கு அவற்றால் பெரும்பயன் இராது.

எனவே, தொடக்க ஆண்டுகளுக்குத் தனித் திட்டமே வரையாட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. அதன் பலவீனம் காலக்கெடு. வெட்டிய இடத்தில் சீகை விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கும். ஆண்டுதோறும் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். திட்டத்தின் ஐந்தாண்டு 2027-இல் முடிகிறது. அதற்குப் பிந்தைய நாற்றுப் பறிப்புக் கூலியைக் காம்பா நிதியின் மாநில ஆண்டுத் திட்டத்தில் இப்போதே சேர்க்க முடிந்தால், மரம் நடுவதற்கென்று பெயர்பெற்ற பணம் முக்கூர்த்தியின் புல்லுக்கும் பயன்படக்கூடும்.