ஆறு வருஷமாகத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. காலையில் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு என் கத்தியைப் பாத்திரத் தொட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். ராத்திரி எடுத்தால் அலகு முழுக்கச் செம்மண் பூசின மாதிரி துரு.

திருப்பாச்சேத்திப் பட்டறை ஒன்றில் வாங்கியது. வெட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. தக்காளித் தோலில் வைத்து இழுத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் பக்கத்துக்கு ஆறேழு இழுப்பு, கூர் திரும்பிவிடும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சூடேறி விளிம்பு நீலம் பூத்தால், கொல்லர் கொடுத்த தோய்ச்சல், அதாவது இரும்புக்கு ஏற்றிய கடினம், அந்த இடத்தில் போச்சு.

எல்லாம் சரி, ஆனால் ஈரம்! துருவைத் தடுக்கிற அளவு குரோமியம் இதில் கிடையாது. வெட்டியதும் கழுவி, துடைத்து, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெங்காயம் வெட்டி வெட்டி ஏறுகிற சாம்பல் கறுப்பு துரு இல்லை, அது இருந்தால் துரு கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். அது தெரியாமல் முதல் வருஷம் முழுக்கச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சூரியகாந்தி எண்ணெய் தடவி வைத்ததில் அலகு பசை மாதிரி பிசுபிசுத்தது. இப்போது தேங்காய் எண்ணெய், இரண்டே சொட்டு. வாழைப்பூவுக்கு இந்தக் கத்தியை எடுப்பதே இல்லை. அதன் துவர்ப்பு இரும்பில் பட்டால் கத்தியோடு பூவும் கறுக்கிறது.

விருந்தாளி வந்தால் கத்தியை ஒளித்துவைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். "ஒரு கத்திக்கு இத்தனை உபசாரமாடா? நாங்க அரிவாள்மனையக் கழுவி வெயில்ல சாய்ச்சு வெப்போம், அவ்வளவுதான்" என்கிறார் அம்மா. எங்கள் சமையலறையில் வெயில் எங்கே இருக்கிறது? மூன்றாவது மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், எவர்சில்வரே வாங்குங்கள். வாங்கியே தீருவேன் என்றால் தை பிறக்கட்டும். ஐப்பசி மழையில் புதுக் கத்தியைப் பழக்க முடியாது. பட்டறைக்குப் போகும்போது சொல்லுங்கள், எனக்கும் சின்னதாக ஒன்று வேண்டும்.