நடுத்தீர்ப்புக்குப் பின் செலவை மீட்டுத் தரும் சட்டச் சேவை: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில் நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் ஒருவர் பிணக்கைத் தீர்க்கும் முறை) விவகாரங்களைக் கையாளும் ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். குறையொன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எங்களுடையது சிறிய கட்டட ஒப்பந்த நிறுவனம். கொழும்பு நிறுவனமொன்று உப ஒப்பந்தப் பணத்தை நிறுத்தி வைத்ததால் பிணக்கு நடுத்தீர்ப்புக்குப் போனது. பணம் எங்களுக்குரியது என்று தீர்ப்பும் வந்தது. ஆனால், நடுத்தீர்ப்புச் செலவை எதிர்த்தரப்பே ஏற்க வேண்டும் என்று அதில் இருந்த ஒற்றை வரி, நடுத்தீர்ப்பாளரின் கட்டணத்தையும் மண்டப வாடகையையும் மட்டுமே குறிக்கும், சட்டத்தரணிக் கட்டணம் அதற்குள் அடங்காது என்று அந்தக் கொழும்பு நிறுவனம் வாதிட்டது.

அலுவலகத்தின் திறமை இங்கேதான் வெளிப்பட்டது. தீர்ப்பில் தெளிவில்லாததை விளக்குமாறு நடுத்தீர்ப்பாளரிடமே கேட்க 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இடம் தந்தாலும், அதற்குரிய அவகாசம் மிகக் குறுகியது. தீர்ப்புப் பிரதி கிடைத்த கையோடு விண்ணப்பம் போய்விட்டது. அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், முதல் அமர்வு தொடங்கும் முன்பே செலவுக்கென்று தனிக் கோப்புத் திறந்து, சட்டத்தரணிக் கட்டணம், கட்டட வேலையின் அளவைக் கணக்கிடும் அளவையாளரின் அறிக்கை, சுருக்கெழுத்தாளர், கொழும்புப் பயணம், தங்குமிடம் என ஒவ்வொன்றையும் பற்றுச்சீட்டுடனும் எந்த அமர்வுக்கானது என்ற குறிப்புடனும் அவர்கள் சேர்த்து வந்ததே. பயணச் செலவு வீண் என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, அமர்வு கொழும்பில்தான் என்று ஒப்பந்தமே நிர்ணயித்திருப்பதைக் காட்டினார்கள். நடுத்தீர்ப்பாளர் சில உருப்படிகளைக் குறைத்தார். சட்டத்தரணிக் கட்டணத்தின் பெரும்பகுதி நிலைத்தது. குறைத்தது நியாயமென்றே நினைக்கிறேன்.

அடுத்த கட்டத்தையும் ஒழுங்காக விளக்கினார்கள். தீர்ப்பை ரத்துச் செய்யக் கோருபவர் அது கிடைத்த 60 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தை நாட வேண்டும். அமுல்படுத்தக் கோருபவருக்கு, தீர்ப்பு வழங்கப்பட்டு 14 நாட்கள் கழிந்த பின் ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. ரத்துக் கோரிக்கையில் நீதிமன்றம் சட்டம் குறிப்பிடும் காரணங்களையே பார்க்குமேயன்றி, செலவுத் தொகை கூடுதலா குறைவா என்று மீண்டும் எடை போடாது. இது தெரிந்த பிறகு எதிர்த்தரப்பின் மிரட்டல் கடிதங்கள் எங்களை அசைக்கவில்லை.

குறை இதுதான். அமுலாக்க விண்ணப்பம் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தக் கட்டத்துக்கான கட்டணம் வேறு என்பதையும், நீதிமன்றம் வழங்கும் வழக்குச்செலவு உண்மையில் செலவான பணத்துக்குக் கிட்டவும் வராது என்பதையும் தீர்ப்பு வந்த பின்னரே எங்களிடம் சொன்னார்கள். செலவை மீட்பதற்கே ஆகும் செலவு வாடிக்கையாளருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. இவ்வளவு நேர்த்தியாகக் கோப்பு வைக்கும் அலுவலகம் அதை எழுத்தில் தராமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆயினும் பெரிய தொகைப் பிணக்கு உள்ள வடபகுதி ஒப்பந்தக்காரர்களுக்கு இத்தகைய சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உரிமைத் தொகை சிறிதென்றால், செலவு மீட்பை மட்டும் நம்பி அமுலாக்கம் வரை போவது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட ஒப்பந்தக்காரர்கள் சமரசத் தொகையொன்றைப் பேசி முடித்துத் தருமாறு இதே அலுவலகத்திடம் கேட்கலாம், அதையும் இவர்கள் செய்கிறார்கள்.