என்-ரோட்ஸ் சிமுலேட்டர்: "மரம் நடுவோம்" சார்ட்டைத் தாண்டி யோசிக்கிற புள்ளைங்களுக்கு

ஸ்கூல்ல க்ளைமேட் சேஞ்ச் ப்ராஜெக்ட் குடுத்தா நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஜெராக்ஸ் கடையில போய் பனிக்கட்டி மேல தனியா நிக்குற கரடி படம் ஒரு பிரிண்ட், வாயில தெர்மாமீட்டர் வெச்சுக்கிட்டு வேர்த்து வழியிற பூமி உருண்டை ஒண்ணு, கீழ ஸ்கெட்ச் பேனாவுல "மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்", முடிஞ்சுது. சார்ட்டு ஒட்டுனது அம்மா, தெர்மாகோல் வெட்டுனது அப்பா, புள்ளைக்கு நாலு வரி மனப்பாடம். அதுக்கும் நேரமில்லைன்னா காசு குடுத்தா மொத்தமா செஞ்சு தர்ற கடையும் இருக்கு, அங்க போன வருஷம் வித்த அதே மாடலுக்கு இந்த வருஷம் வேற கலர் அடிச்சு தருவாங்க.

எங்க வீட்ல எட்டாவது படிக்கிற பொண்ணு, அவளோட அத்தை பையன் பத்தாவது. இந்த தடவை ரெண்டு பேரையும் சார்ட்டுக்கு பதிலா லேப்டாப் முன்னாடி உக்கார வெச்சேன். என்-ரோட்ஸ்னு ஒரு சிமுலேட்டர், க்ளைமேட் இன்டராக்டிவ்ங்கிற அமைப்பும் அமெரிக்காவுல எம்ஐடி ஸ்லோன் காலேஜும் சேந்து பண்ணது, 2019 டிசம்பர்ல வெளிய வந்துச்சு. ஃப்ரீ. டவுன்லோடு எதுவும் வேணாம், ப்ரவுசர்லயே ஓடும். இது அதப் பத்தின ரிவ்யூ, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஸ்க்ரீன்ல மேல ரெண்டு கிராஃப், வலது பக்கம் பெருசா ஒரு நம்பர். அந்த நம்பர்தான் எல்லாம். 2100ல உலகத்தோட சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததை விட எவ்ளோ கூடியிருக்கும்ங்கிறது. எதையும் தொடாம விட்டா 3.3 டிகிரி பக்கத்துல நிக்கும், மாடலை அப்பப்ப அப்டேட் பண்றதால நீங்க பாக்கும்போது முன்னப்பின்ன இருக்கலாம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல நாடுங்க எல்லாம் ஒத்துக்கிட்டது 2 டிகிரிக்கு ரொம்ப கீழ, முடிஞ்சா 1.5. கீழ வரிசையா ஸ்லைடருங்க. நிலக்கரி, எண்ணெய், கேஸ், காத்தாலை சோலார், அணு உலை, கார்பனுக்கு விலை (கரியமில வாயு விடுறதுக்கு கட்ட வேண்டிய காசு), வண்டிங்களை கரண்டுக்கு மாத்துறது, ஜனத்தொகை, பொருளாதார வளர்ச்சி, விவசாயம், காடு அழிப்பு, மரம் வளர்ப்பு இப்படி. ஒண்ணை இழுத்தா அடுத்த நொடியே கிராஃபும் நம்பரும் மாறும். வேலை அவ்ளோதான்.

நான் வெச்ச ஒரே ரூல், ஸ்லைடரை தொடறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதணும். எது எவ்ளோ குறையும், ஏன் அப்படி நெனைக்கிற, ரெண்டு வரி. எழுதாம இழுக்கக்கூடாது. இத நீங்க என்ன பண்ணாலும் விட்டுடாதீங்க, இது இல்லேன்னா பசங்க எல்லாத்தையும் ஒரு ஓரத்துக்கு இழுத்துட்டு "ஜெயிச்சுட்டேன்"னு எந்திரிச்சு போயிருவாங்க, கேம் மாதிரி ஆயிரும்.

பொண்ணு முதல்ல எழுதுனது என்ன, மரம்தான். நர்சரில இருந்து கேட்டு வளந்தது ஆச்சே. ஒரு டிகிரி குறையும்னு எழுதுனா. நேச்சர் பேஸ்டுன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, பக்கத்துல இருக்குற மூணு புள்ளியை அமுக்குனா மரம் வளர்ப்பு தனியா வரும், அத ஃபுல்லா இழுத்தா நம்பர் அசையவே யோசிக்குது, ஒரு டிகிரில பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு இறங்குனா பெருசு. "அப்பா, இது கெட்டுப் போச்சா?"ன்னு கேட்டா. கெட்டுப் போகல பாப்பா, இன்னைக்கு நட்ட கன்னு வளந்து கணிசமா கரியமில வாயுவை இழுக்க பல வருஷம் ஆகும், அதுக்கு எடமும் எக்கச்சக்கமா வேணும், அந்த எடத்துல இப்ப யாரோ வெவசாயம் பண்ணிட்டு இருக்காங்க. இதுக்கு நடுவுல நாம நிலக்கரி எரிச்சுக்கிட்டே இருக்கோம். மரம் வேணாம்னு இந்த சிமுலேட்டர் சொல்லல, மரம் மட்டும் போதும்னு நெனைச்சா ஏமாந்துருவேங்குது. நெழலுக்கும் மண்ணுக்கும் தண்ணிக்கும் மரம் வேணும், அந்தக் கணக்கு வேற.

அடுத்து பையன். ஆரல்வாய்மொழி வழியா போற வர்றப்போ முப்பந்தல் காத்தாடிங்களை பாத்து வளந்தவன், காத்தாலைக்கும் சோலாருக்கும் மானியம் அள்ளிக் குடுத்தா பாதி பிரச்சினை தீந்துரும்னு ரொம்ப தைரியமா எழுதுனான். இழுத்தா அதுவும் கொஞ்சம்தான் எறங்குச்சு. அவனுக்கு கோவமே வந்துருச்சு. எடது பக்க கிராஃபை பாருடான்னேன், எரிசக்தி எதுல இருந்து எவ்ளோ வருதுங்கிறது அது, அங்க காத்தாலை சோலாரோட பச்சைக் கலர் நல்லா வீங்குது ஆனா நிலக்கரி ஒழிஞ்சு போகல. புது காத்தாலை வந்துச்சுங்கிறதுக்காக ஏற்கெனவே கட்டுன அனல் மின் நிலையத்தை யாரும் மூடுறதில்ல, அது முப்பது நாப்பது வருஷம் ஓடும், கரண்ட் தேவையும் ஏறிக்கிட்டே போகுது. நம்ம நாட்டு கரண்டுல இன்னும் முக்கால்வாசி நிலக்கரியில இருந்துதான் வருதுன்னு சொன்னதும் நெய்வேலியும் தூத்துக்குடியும் அவனுக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

சரின்னு நிலக்கரியை மட்டும் அமுக்குனாங்க, இப்ப நல்லா எறங்குது, ஆனா எதிர்பாத்த அளவு இல்ல, ஏன்னா ஒரு பக்கம் அமுக்குனதும் கேஸும் எண்ணெயும் இன்னொரு பக்கம் கொஞ்சம் எந்திரிக்குது. இந்த எடத்துலதான் எனக்கே இந்த சாமான் மேல மரியாதை வந்துச்சு. எந்தப் பாடப்புத்தகமும் ஒண்ணோட ஒண்ணு இப்படி கட்டியிருக்குன்னு காட்டாது, அங்க காரணம் ஏழு பாயிண்ட், தீர்வு ஏழு பாயிண்ட், தனித்தனியா நிக்கும்.

கார்பனுக்கு விலை வெக்குற ஸ்லைடர்தான் பெரிய அடி அடிக்குது. அதை இழுத்ததும் ரெண்டு பேரும் கைதட்டுனாங்க. அப்புறம் மேல இருக்குற கிராஃபை மாத்தி எரிசக்தி விலை கிராஃபை போட்டுக் காட்டுனேன், விலை ஏறுது. இந்த விலையை யாரு குடுப்பா, சிலிண்டர் விலை ஏறுனா அம்மா என்ன சொல்லுவா, பணக்கார நாட்டுக்காரனும் நாமளும் ஒரே விலை குடுக்கணுமா... ராத்திரி சாப்பாடு முழுக்க இதே சண்டை. நல்ல சண்டை.

நடுவுல என் மச்சான் வந்து "எல்லாத்துக்கும் ஜனத்தொகைதான் காரணம்"னு ஒரு தீர்ப்பு குடுத்தாரு. குடுக்கட்டும். "மாமா நோட்டுல எழுதுங்க"ன்னு பொண்ணு பேனாவை நீட்டிட்டா. ஜனத்தொகை ஸ்லைடரை குறைச்சா 2100க்குள்ள வர்ற வித்தியாசம் அவரு நெனச்சதுல கால்வாசி கூட இல்ல. இந்தியாவுல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமாரா 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவுல 14 டன் பக்கம், அதையும் பையன் தேடி எடுத்து பக்கத்துல எழுதி வெச்சான். அவரு காபி குடிச்சுட்டு கெளம்பிட்டாரு.

விவசாய ஸ்லைடரை இழுத்தப்போதான் நான் எதிர்பாக்காத கேள்வி வந்துச்சு: மாடு வாயு விடுது சரி, நெல்லு ஏன் இந்தக் கணக்குல வருது? தண்ணி கட்டி நிக்குற வயல்ல மண்ணுக்குள்ள காத்து போகாது, அங்க இருக்குற நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். அந்த மீத்தேன் காத்துல பத்துப் பன்னெண்டு வருஷம்தான் தங்கும், ஆனா தங்குற வரைக்கும் கரியமில வாயுவை விட பல மடங்கு சூட்டைப் பிடிச்சு வெக்கும், அதனால அத குறைச்சா பலன் சீக்கிரமே தெரியுது. எங்க அப்பா இத கேட்டுட்டு "அதான் காய்ச்சலும் பாய்ச்சலுமா, வயலைக் காய விட்டு காய விட்டு, தண்ணி விடச் சொல்றாங்க"ன்னாரு. திருந்திய நெல் சாகுபடிக்கு ஆபீசர்ங்க சொல்லிக் குடுத்தது, தண்ணி மிச்சம்னு மட்டும்தான் அவருக்குத் தெரியும். தாத்தாகிட்ட பேட்டி எடுத்து ப்ராஜெக்ட்ல ஒரு பக்கம் சேத்துட்டா. எனக்கு மொத்த ப்ராஜெக்ட்ல அந்தப் பக்கம்தான் பிடிச்சது.

இன்னொண்ணு, எல்லாத்தையும் இழுத்தப்புறமும் ஏன் சூடு உடனே எறங்கலைங்கிறது. இது பெரியவங்களுக்கே குழப்பம். மாடியில இருக்குற சின்டெக்ஸ் டேங்க்கை நெனச்சுக்கோன்னேன், மோட்டாரை கொஞ்சம் ஸ்லோ பண்ணா தண்ணி ஏறுறதுதான் மெதுவாகும், எறங்காது, உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமானாத்தான் நிக்கும். நாம விடுற கரியமில வாயுல பாதி போல கடலும் காடும் மண்ணும் எடுத்துக்குது, மிச்சம் மேலயே தங்குது. ஹவாய்ல மௌனா லோவா மலையில 1958ல சார்லஸ் கீலிங் அளக்க ஆரம்பிச்சப்போ பத்து லட்சத்துல 315 பங்கு இருந்துச்சு, இப்ப 420ஐத் தாண்டிருச்சு, தொழிற்புரட்சிக்கு முன்னாடி 280. அந்த கிராஃபை தனியா தேடி எடுத்து காட்டுங்க, அதுல வருஷா வருஷம் ஒரு ஏத்த எறக்கம் இருக்கும், மே மாசம் உச்சி, செப்டம்பர் பக்கம் எறக்கம். ஏன்னு புள்ளைங்களையே கண்டுபிடிக்க விடுங்க. பதில் வடக்கு கோளத்துல இருக்குற செடிகொடிங்க வளர்ற சீசன். என் பொண்ணு "பூமி மூச்சு விடுது"ன்னா, அப்படியே தலைப்பா வெச்சுட்டா.

குறைன்னு பாத்தா இருக்கு. இது மொத்த உலகத்துக்கும் ஒரே கணக்கு, இந்தியாவுக்குன்னு தனியா எதுவும் பாக்க முடியாது, தமிழ்நாடெல்லாம் பேச்சுக்கே எடமில்ல. நாடு நாடா பாக்கணும்னா இவங்களோட இன்னொரு சிமுலேட்டர் சி-ரோட்ஸ் இருக்கு, அதுல இந்தியா தனியா வரும், ஆனா அங்க எந்த வழியில குறைக்கிறோம்ங்கிறது இந்த அளவு விவரமா இல்ல. வெள்ளம் வந்தா எப்படி தப்பிக்கிறது, வெயில்ல கட்டட வேலை பாக்குறவங்க என்ன பண்றது, இதெல்லாம் இந்த ஸ்லைடர்ல வராது. அப்புறம் காத்துல இருந்து கரியமில வாயுவை மெஷின் வெச்சு உறிஞ்சுற ஸ்லைடர் ஒண்ணு இருக்கு பாருங்க, பசங்க எல்லாரும் அதுலதான் விழுவாங்க, ஒரே இழுப்பு, வேற யாரும் எதையும் விட்டுக்குடுக்க வேணாம். அந்த மெஷினுங்க இன்னைக்கு நெசத்துல உறிஞ்சுறது உலகம் விடுறதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லைன்னு பெரியவங்க பக்கத்துல இருந்து சொல்லணும். மொத்தத்துல தனியா விட்டுட்டு போற சாமான் இல்ல இது. ஃபோன்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்தான் சரி. நாங்க இங்கிலீஷ்லயே வெச்சு பாத்தோம், தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு மொதல்ல ஸ்லைடர் பேரெல்லாம் ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடுத்துட்டா போதும், அப்புறம் அவங்களே ஓட்டிருவாங்க.

"மிக்ஜாம் புயல் க்ளைமேட் சேஞ்சாலதான் வந்துச்சா?"ன்னு கேட்டா இதுகிட்ட பதில் இல்ல. அதுக்கு நாசாவோட வேர்ல்ட்வியூவை பக்கத்துல தொறந்து வெச்சுக்கோங்க, அதுவும் ஃப்ரீ, லாகின் இல்லாமலே 2000ல இருந்து சேட்டிலைட் படம் தேதி வாரியா பாக்கலாம். 2018 நவம்பர் 15 போட்டா கஜா புயல் வேதாரண்யம் பக்கம் வந்துட்டு இருக்குறது தெரியும். டெரா சேட்டிலைட் படத்துல நம்ம ஊர் பக்கம் சில நாள் கருப்பா ஒரு பட்டை வரும், படம் கெட்டுப் போகல, அன்னைக்கு அது பறந்த ரெண்டு பாதைக்கு நடுவுல விட்டுப் போன எடம். ஒரு புயல் படத்தை வெச்சு க்ளைமேட் மாறிருச்சுன்னு சொல்ல முடியாது, பல பத்து வருஷ கணக்கு வேணும், ஆனா கடல் சூடானா புயலுக்கு தீனி கூடும், சூடான காத்து கூடுதலா ஈரம் பிடிக்கும், ஒரு டிகிரிக்கு சுமார் 7 சதவீதம். இது ரெண்டையும் சேத்து சொல்லிக்குடுத்தா டிவியில கத்துறதுக்கும் அறிவியலுக்கும் வித்தியாசம் புரியும்.

அஞ்சாவது வரைக்கும் படிக்கிற சின்னதுங்களுக்கு என்-ரோட்ஸ் வேணாம், போர் அடிச்சுரும். நாசாவோட க்ளைமேட் கிட்ஸ் தளம் இருக்கு, படம், கேம், செஞ்சு பாக்குற வேலைங்கன்னு போகும். என்ன, ஆங்கிலம், உதாரணமெல்லாம் அமெரிக்காவோடது, நீங்க உக்காந்து நம்ம ஏரி கம்மாய்க்கு மாத்திச் சொல்லணும்.

டீச்சர்ங்க யாராச்சும் படிச்சா ஒண்ணு: இதை வெச்சு க்ளாஸ் முழுக்க ஆடுற ரோல் ப்ளே ஒண்ணு அவங்களே போட்டிருக்காங்க, க்ளைமேட் ஆக்‌ஷன் சிமுலேஷன்னு பேரு. ஒரு குரூப் எண்ணெய் நிலக்கரி கம்பெனி, ஒரு குரூப் விவசாயம் காடு, ஒரு குரூப் அரசாங்கங்க, ஒரு குரூப் நியாயம் கேக்குற போராட்டக்காரங்க, இப்படி பிரிஞ்சு பேரம் பேசி ஒவ்வொரு ஸ்லைடரா முடிவு பண்ணணும். ஒரு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் போதும். வீட்ல நாலு பேரை வெச்சே நாங்க ஆடிப் பாத்தோம், எங்க அம்மா நிலக்கரி கம்பெனி, சீரியல் வில்லி எல்லாம் பிச்சை வாங்கணும், கடைசி வரைக்கும் ஒரு சுரங்கத்தை கூட மூட விடல, அதனால 2.4க்கு கீழ எங்களால எறக்கவே முடியல.

பன்னெண்டு வயசுக்கு மேல இருக்குற புள்ளைங்களுக்கு அஞ்சுக்கு நாலரை. அந்த அரை மார்க்கு குறைச்சது ஊருக்குன்னு எதுவும் இல்லாததுக்கு.