கப்பல் கோதுமையா, கையில் ரொக்கமா?

அமெரிக்க உணவு உதவியில் இரண்டு வழி உண்டு. ஒன்று, அங்கே விளைந்ததை மூட்டையாகவே அனுப்புவது. 1954-இல் வந்த பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போகவேண்டும். வாடகை கூடுதல், வந்துசேர மாதக்கணக்காகும். அறுவடை நேரத்தில் வந்து இறங்கினால் உள்ளூர் விலை சரியும். இந்தியாவுக்குக் கசப்பு வேறு: 1965-66 வறட்சியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கோதுமையை மாதாமாதம் அளந்து விட்டார். வியட்நாம் போரை டெல்லி விமர்சித்ததும் அவரை உறுத்தியது. 2002-இல் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா, பஞ்சத்திலும் அமெரிக்கா தந்த மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை மறுத்தது. முழு மணியை விவசாயி விதைத்து, அது உள்ளூர்ப் பயிரோடு கலந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. பக்கத்து நாடான ஜிம்பாப்வே, மாவாக அரைத்தால் சரி என்றது.

மற்றது ரொக்கம், வவுச்சர் (கடையில் உணவு வாங்கும் சீட்டு), பக்கத்து நாட்டுக் கொள்முதல். விரைவு, பெரும்பாலும் மலிவு. வாங்குபவர் தமக்குப் பழகிய தானியத்தை எடுக்கலாம். சந்தையில் சரக்கு இருந்தால் இதுவே மேல். இல்லாத இடத்தில் காசு விலையைத்தான் ஏற்றும். அங்கே மூட்டைதான் வேண்டும். ஆனால் மூட்டையில் அச்சான 'அமெரிக்க மக்களிடமிருந்து' என்ற எழுத்து, ரொக்கத்தில் யார் கண்ணிலும் படாது. வாஷிங்டனில் மூட்டைக்கு ஆதரவு குறையாததற்கு அதுவும் ஒரு காரணம். விவசாயிகளும் கப்பல்காரர்களும் மற்ற காரணம்.